பூட்டிய அறைக்குள் ஒரு பிரபஞ்சம்

(வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளே வரும்போது வாசலில் ஒரு நண்பர் என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். பக்கமெல்லாம் வண்ணப் படம். “பேத்திக்கா?” என்றார். இல்லை, எனக்குத்தான் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்த மௌனம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். எங்கள் வீட்டில் கதைப் புத்தகம் படிப்பவர்களைப் பார்த்து எல்லாரும் காட்டிய மௌனம் அது.

புத்தகத்தின் பெயர் ‘தி டையர் டேஸ் ஆஃப் வில்லோவீப் மேனர்’. 2021-இல் வெளிவந்த அமெரிக்க கிராஃபிக் நாவல். எழுதியவர் ஷேனன் கே. கேரிட்டி, வரைந்தவர் கிறிஸ்டோபர் பால்ட்வின். பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஹேலி என்ற பெண்தான் நாயகி. இருண்ட மாளிகை, பூட்டிய அறை, பேய் என்று போகும் கோதிக் காதல் நாவல் என்றால் அவளுக்கு உயிர். புயலும் மழையுமான ஒரு ராத்திரியில் ஆற்றில் யாரோ மூழ்குவதைப் பார்க்கிறாள். நாமாக இருந்தால் “ஐயோ, யாராவது வாங்களேன்” என்று கத்துவோம். ஹேலியோ, இத்தனை நாவல் படித்தது இந்த ஒரு நாளுக்காகத்தான் என்று குதித்துவிடுகிறாள். கண் விழிக்கும்போது வேறொரு இடம். பெரிய பழைய மாளிகை. சிரிக்கவே தெரியாத வீட்டு நிர்வாகி ஒருத்தி, பெயர் வில்ஹெல்மினா. லாரன்ஸ், கத்பர்ட், மான்டேக் என்று மூன்று அண்ணன் தம்பிகள். ஒரு பேய்கூட உண்டு. அவள் ஆயிரம் முறை படித்த நாவல் கைகால் முளைத்து நிற்கிறது.

ஆனால் அந்த வீடு வீடு இல்லை. நம் பிரபஞ்சத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு குட்டிப் பிரபஞ்சம். வெளியே காத்திருக்கும் ஒரு மகா தீமை நம் உலகுக்குள் நுழையாமல் தடுப்பதுதான் அதன் வேலை. நான் இதைக் குக்கரின் காஸ்கெட் மாதிரி என்று புரிந்துகொண்டேன். அந்த காஸ்கெட் இப்போது தேய்ந்து போயிருக்கிறது. ஓரமெல்லாம் நீராவி கசிகிறது.

அந்தத் தீமைக்கு இந்தப் புத்தகத்தில் ஒரு அடைமொழி உண்டு. உலகின் இறுதித் தீமை என்றுதானே யாரும் சொல்வார்கள்? இவர்கள் இறுதிக்கு முந்தைய தீமை என்கிறார்கள். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதற்கு அச்சான சொல் கையிலேயே இருக்கிறது: ஈற்றயல். நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி முச்சீராய் வரும் என்று மனப்பாடம் செய்தோமே, அந்த ஈற்றயல். ஈற்றயல் தீமை! அப்படியானால் ஈற்றுத் தீமை எங்கே, அது எப்போது வரும் என்ற கேள்வியை வாசகன் தலையில் கட்டிவிட்டுக் கதை தன் பாட்டுக்குப் போய்விடுகிறது. இந்தப் புத்தகத்தின் நகைச்சுவை எப்படிப்பட்டது என்பதற்கு இது ஒன்று போதும்.

பேயும் பிரபஞ்ச அறிவியலும் எப்படி ஒரே பானையில் வெந்தன என்று பலருக்கு ஆச்சரியம் இருக்கலாம். எனக்கு இல்லை. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அதைப் பற்றியும், கதை படித்துக் ‘கெட்டுப்போன’ பெண்களைப் பற்றியும்தான் இன்று பேச வந்தேன். இரண்டும் ஒரே பேச்சுத்தான்.

முதலில் என் அத்தையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைப்பார்கள். அத்தையிடம் அப்படி இருபது முப்பது இருந்தன. பக்கத்தின் ஒரு பாதியில் கதை, மறுபாதியில் கூந்தல் தைல விளம்பரம். பசை காய்ந்து பூச்சி அரித்த வாசனை. அடுப்படியில் ஒரு கையில் கரண்டி, மறு கையில் பைண்டு. “கதைப் புத்தகம் படிச்சுப் படிச்சே இவளுக்கு மூளை குழம்பிப்போச்சு” என்பார் தாத்தா. ஒரு மழைக்கால ராத்திரி, பரண் மேல் ஏதோ உருளும் சத்தம். பிறகு இழுபடும் சத்தம். கூடத்தில் படுத்திருந்த ஆண்கள் அத்தனை பேரும் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்கள். நானும்தான். அத்தை மட்டும் சிம்னி விளக்கை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். அப்போது அவள் முகத்தில் பயம் இல்லை. இத்தனை நாள் காத்திருந்த அத்தியாயம் வந்துவிட்டது என்கிற களை இருந்தது. மேலே ஒரு மரநாய், குட்டிகளோடு.

இந்த மரநாயைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோதிக் கதையைத் தொடங்கி வைத்தவர் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலக் கனவான். லண்டனுக்குப் பக்கத்தில் ட்விக்கன்ஹாமில் ஸ்ட்ராபெரி ஹில் என்ற வீட்டை இடைக்காலக் கோட்டை மாதிரி இழைத்து இழைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு ராத்திரி, மாடிப்படிக் கைப்பிடியின் மேல் இரும்புக் கவசம் அணிந்த ராட்சதக் கை ஒன்று இருப்பதாகக் கனவு கண்டார். அன்று மாலையே எழுத உட்கார்ந்தார். 1764-இல் ‘ஒட்ரான்டோ கோட்டை’ வந்தது. கல்யாண நாளன்று மாப்பிள்ளைப் பையன் மேல் வானத்திலிருந்து ஒரு பிரம்மாண்டத் தலைக்கவசம் விழுந்து நசுக்குகிறது. முதல் சில பக்கங்களிலேயே! நம் தொலைக்காட்சித் தொடர்காரர்கள்கூட இவ்வளவு சீக்கிரம் துணிய மாட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எல்லாமே போலி. புத்தகத்தை ஒரு பழைய இத்தாலிய நூலின் மொழிபெயர்ப்பு என்று பொய் சொல்லித்தான் முதலில் வெளியிட்டார். அது விற்றுப் பெயர் வாங்கிய பிறகு, மறுபதிப்பில் நான்தான் எழுதினேன் என்றார். அந்தக் கோட்டை வீட்டின் நீண்ட கூடத்தில் அண்ணாந்து பார்த்தால் கல்லில் செதுக்கிய விதானம் போல இருக்கும். காகிதக் கூழ் அது. நம் ஊர்த் தலையாட்டி பொம்மைச் சமாசாரம். ஆக, கோதிக் பிறந்தபோதே வேஷம் கட்டிக்கொண்டுதான் பிறந்தது. அதைக் கேலி செய்கிறவர்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை. அதன் தகப்பனே கொஞ்சம் கண்ணடித்துக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்து ஆன் ராட்கிளிஃப். 1794-இல் வந்த ‘உடால்ஃபோ மர்மங்கள்’ அவருடையது. பேய் மாதிரி காட்டிக் கடைசியில் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிவிடுவது அவர் பாணி. கறுப்புத் திரைக்குப் பின்னால் எதையோ பார்த்து நாயகி மயங்கி விழுவாள். என்ன பார்த்தாள் என்பதை நூற்றுக்கணக்கான பக்கங்கள் தள்ளித்தான் சொல்வார்: மெழுகு பொம்மை. ஏமாற்றம்தான். ஆனாலும் லண்டனே அதைப் படித்தது.

படித்தவர்களில் ஒருவர் ஜேன் ஆஸ்டின். அவர் எழுதிய ‘நார்த்தாங்கர் அபே’யில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கேதரின் மார்லண்ட், பதினேழு வயதுப் பெண். ‘உடால்ஃபோ’ படித்துக் கிறுகிறுத்துப் போனவள். பழைய மடாலயமாக இருந்து வீடான ஓரிடத்துக்கு விருந்தாளியாகப் போகிறாள். வழியிலேயே ஹென்றி டில்னி, அந்த வீட்டுப் பிள்ளை, “ராத்திரி புயலடிக்கும், உன் அறையில் ஒரு ரகசியம் இருக்கும்” என்றெல்லாம் கதை விட்டுச் சீண்டுகிறான். சொன்னபடியே ராத்திரி புயல். அவள் அறையில் கறுப்பும் மஞ்சளுமாக மெருகு பூசிய ஓர் அலமாரி. சாவியைத் திருப்புகிறாள், வரவில்லை. திரும்பத் திரும்பத் திருகுகிறாள், கதவு திறக்கிறது. ஒவ்வொரு இழுப்பறையாக இழுக்கிறாள், எல்லாம் காலி. நடுவில் ஒரு சின்னக் கதவு. அதன் உள்ளே, கடைக்கோடியில், சுருட்டி வைத்த காகிதம். கை நடுங்குகிறது. மெழுகுவர்த்தி மங்குகிறதே என்று திரியைக் கிள்ளப் போகிறாள், அணைந்தே போகிறது. இருட்டு. காற்று. போர்வைக்குள் புகுந்து வெகுநேரம் தூங்காமல் கிடக்கிறாள்.

விடிந்ததும் பிரித்துப் பார்த்தால் சலவைக் கணக்கு. சட்டை, காலுறை, கழுத்துத்துணி என்று எழுதியிருக்கிறது. நம் வீட்டு டோபி நோட்டேதான். கூடவே ஒரு குதிரைக்குப் பற்றுப் போட்டதற்கான பில். அதைவிட அவமானம் ஒன்று பின்னால்தான் அவளுக்கு உறைக்கிறது. அந்த அலமாரி பூட்டியிருக்கவே இல்லையோ என்னவோ! திறந்திருந்ததை அவளேதான் பூட்டிவிட்டுத் திறக்கத் திணறியிருக்கிறாள்.

பகடி எழுத ஆசைப்படும் இளைஞர்கள் இந்தக் காட்சியை மனப்பாடம் செய்ய வேண்டும் என்று நான் நினைப்பதுண்டு. புயல், விளக்கு, அலமாரி, இழுப்பறை எல்லாம் ராட்கிளிஃப் எழுதுவது போலவே, அதே கவனத்தோடு, அதே தாளத்தோடு எழுதப்பட்டிருக்கின்றன. நமக்கும் நெஞ்சு படபடக்கிறது. ரசித்துத் தோய்ந்தவரால்தான் இப்படிக் கேலி செய்ய முடியும். தூரத்தில் நின்று மூக்கைச் சுளிப்பவர் எழுதினால் அலமாரி வெறும் அலமாரியாகத்தான் இருக்கும்.

கேதரின் இதோடு நிற்கவில்லை. ஹென்றியின் அப்பா ஜெனரல் டில்னி மனைவியைக் கொன்றிருப்பார் என்று சந்தேகப்படுகிறாள். ஹென்றி கண்டுபிடித்துக் கண்டிக்கிறான். அவள் அழுதுகொண்டே ஓடுகிறாள். நாவல் படித்துக் கெட்ட பெண்ணுக்குப் பாடம் புகட்டியாயிற்று என்று தோன்றும். பிறகு என்ன ஆகிறது? இவள் பணக்காரி இல்லை என்று தெரிந்ததும் அதே ஜெனரல் இவளைத் துணைக்கு ஒரு வேலைக்காரிகூட இல்லாமல் எழுபது மைல் தூரம் தனியாக வண்டியேற்றித் துரத்திவிடுகிறார். கொலைகாரர் இல்லைதான், ஆனால் கொடியவர். கேதரின் குற்றத்தைத் தப்பாகப் படித்தாள், ஆளைச் சரியாகத்தான் படித்திருந்தாள். ஆஸ்டின் அவளுக்குப் பாதி மதிப்பெண் கொடுத்துவிட்டுப் போகிறார்.

இந்த நாவல் அச்சான கதையே ஒரு கோதிக் கதை. 1803-இல் ஒரு பதிப்பகத்தார் 10 பவுண்டுக்குக் கையெழுத்துப் பிரதியை வாங்கினார்கள். வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஆறு வருஷம் கழித்து ஆஸ்டின் ஒரு பொய்ப் பெயரில் கடிதம் எழுதினார். ஆஷ்டன் டென்னிஸ் என்று ஒரு பெயர். கடைசியில் அவர் கையெழுத்தாகப் போட்ட மூன்று முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ‘மேட்’ என்று வரும், அதாவது கோபத்தில் பித்துப்பிடித்தவள். அதே 10 பவுண்டைக் கொடுத்தால் திருப்பித் தருகிறோம் என்று பதில் வந்தது. 1816-இல்தான் அவர் அண்ணன் பணம் கட்டி மீட்டார். மீட்டு, கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான், இதை எழுதியவர் ‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’ எழுதியவரே என்று அவர்களிடம் சொன்னாராம். ஜேன் ஆஸ்டின் 1817 ஜூலையில் இறந்துவிட்டார். அந்த ஆண்டு டிசம்பர் கடைசியில் புத்தகம் வெளிவந்தது.

1818 ஜனவரி 1 அன்று, அதாவது சில நாள் இடைவெளியில், அதே லண்டனில், ஆசிரியர் பெயர் இல்லாமல், மூன்று பாகமாக, 500 பிரதிகள் மட்டும் அச்சிட்டு இன்னொரு புத்தகம் வந்தது: ‘ஃபிராங்கன்ஸ்டைன்’. எழுதிய மேரி ஷெல்லிக்கு அப்போது 20 வயது.

இதை முதன்முதலில் கவனித்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கோதிக்கின் இரண்டு பிள்ளைகள், ஒருத்தி பகடி, இன்னொருத்தி அறிவியல் புனைகதை, ஏறக்குறைய ஒரே வாரத்தில் வெளியே வந்திருக்கிறார்கள். அறிவியல் புனைகதை கோதிக்கின் வயிற்றிலிருந்து வந்தது, அதன் முதல் நாவல் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’தான் என்று 1973-இல் பிரையன் ஆல்டிஸ் அடித்துச் சொன்னார். அவரோடு சண்டை போட்டவர்கள் உண்டு. நான் அவர் கட்சி. காரணம் எளிது. விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் தன் படைப்பை எங்கே வைத்து உருவாக்குகிறான் என்று மூலத்தில் பாருங்கள். சினிமாவில் வருகிற மின்னல் தெறிக்கும் கோபுரம் அங்கே கிடையாது. இங்கோல்ஸ்டாட் நகரத்தில் மாணவன் தங்கும் ஒரு வீட்டின் உச்சியில், மற்ற அறைகளிலிருந்து ஒரு தாழ்வாரமும் படிக்கட்டும் பிரித்து வைத்த தனியறை. அது ஆய்வுக்கூடம் இல்லை, கோதிக் வீட்டின் பூட்டிய மாடியறை! பேயை வெளியே அனுப்பிவிட்டு அந்த இடத்தில் விஞ்ஞானியைக் குடிவைத்தார் ஷெல்லி. 1803-இல் லண்டனில் அல்தீனி என்ற இத்தாலியர், தூக்கிலிடப்பட்ட ஒருவனின் பிணத்தில் மின்சாரம் பாய்ச்சித் தாடையையும் கையையும் அசைய வைத்துக் காட்டிய காலம் அது. பிணம் எழுந்திருப்பதற்கு மந்திரம் இனித் தேவைப்படவில்லை.

பூட்டிய கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் கோதிக்கின் ஒரே கேள்வி. வால்போல், பேய் என்றார். ராட்கிளிஃப், பொம்மை என்றார். ஆஸ்டின், டோபி நோட்டு என்றார். ஷெல்லி, விஞ்ஞானி என்றார். 1847-இல் வந்த ‘ஜேன் ஐர்’, நாயகன் ஏற்கெனவே கட்டிய மனைவி என்றது. அந்தக் கதையைத் தழுவி 1969-இல் தமிழில் ‘சாந்தி நிலையம்’ எடுத்தார்கள், ஜெமினி கணேசனும் காஞ்சனாவும். வயதானவர்கள் தலையசைக்கிறீர்கள்.

நூறு வருஷத்தைத் தாண்டி 1960-களுக்கு வருகிறேன். அமெரிக்காவில் கோதிக் காதல் நாவல்கள் மலிவுப் பதிப்பாகக் குவிந்த காலம். விக்டோரியா ஹோல்ட்டின் ‘மிஸ்ட்ரஸ் ஆஃப் மெல்லின்’ 1960-இல் வந்து அலையைக் கிளப்பியது. அட்டைகள் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். பின்னால் இருண்ட மாளிகை, அதில் ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் வெளிச்சம், முன்னால் நைட்டி அணிந்த பெண் தலைவிரிகோலமாக ஓடுகிறாள். நைட்டி என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். நம் ஊர் நைட்டி தோளில் ஒரு துண்டோடு காலை எட்டு மணிக்கு வாசலில் கீரை பேரம் பேசுவது. அதைப் போட்டுக்கொண்டு மாளிகையிலிருந்து ஓட வேண்டிய அவசியம் இங்கே யாருக்கும் வந்ததில்லை. அங்கே அது வெள்ளை வெளேர் என்று, காற்றில் பறப்பது.

இந்த நாவல்களை ஒரு கட்டு வாங்கி உட்கார்ந்து படித்தவர் ஜோன்னா ரஸ். பெண்ணிய அறிவியல் புனைகதையின் பெரிய பெயர்களில் ஒன்று அவர். 1973-இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘யாரோ என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள், என் புருஷன்தான் என்று நினைக்கிறேன்’. தலைப்பிலேயே பாதிக் கதையை முடித்துவிட்டார். அந்தக் கதைகளில் வழக்கமாக வரும் சாமான்களை அவர் எடுத்துப் போடுகிறார். வீடு, முரட்டு அழகன், நல்லவன் போல் சிரிக்கும் இன்னொருவன், முன்பு அங்கே இருந்த ஒருத்தி, ஒரு ரகசியம். சிரிப்பவன்தான் பெரும்பாலும் வில்லன். ஆனால் அவர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. இந்த நாயகிகள் செய்வதெல்லாம் அடுத்தவர் முகத்தைப் படிப்பது. அவர் ஏன் இன்று தட்டைத் தள்ளி வைத்தார், அவள் ஏன் அப்படித் திரும்பிப் பார்த்தாள் என்று ஓயாமல் கவனிப்பது. வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பெண்கள் தினம் தினம் செய்கிற வேலை. அந்த வேலையைத் துப்பறியும் வேலையாக, உயிர் காக்கும் வேலையாக உயர்த்திக் காட்டுவதால்தான் லட்சக்கணக்கான பெண்கள் அதை வாங்கினார்கள். என் அத்தை இதைக் கேட்டிருந்தால் “இதுக்கு ஒரு கட்டுரை வேறயா” என்றிருப்பாள்.

காமிக்ஸும் இந்த அலையில் ஏறப் பார்த்தது. சூப்பர்மேனை வெளியிடும் டிசி நிறுவனம் 1971-இல் இரண்டு கோதிக் காதல் இதழ்களைத் தொடங்கியது. ஒன்றின் பெயர் ‘விலக்கப்பட்ட காதலின் இருண்ட மாளிகை’ என்ற மாதிரி இருக்கும், இன்னொன்று ‘ரகசியக் காதலின் கெட்ட வீடு’. நாலு இதழ் தாண்டவில்லை, காதலைத் தூக்கிவிட்டுப் பேய்க் கதை இதழ்களாகப் பெயர் மாற்றிவிட்டார்கள். அட்டைப்படம் போட அவர்களுக்குத் தெரிந்திருந்தது. முகத்தைப் படிப்பதற்கு இடம் விடத் தெரியவில்லை என்பது என் ஊகம்.

சினிமாவில் ஒரே ஒரு சம்பவம் சொல்லி மேலே போகிறேன். 1974-இல் மெல் புரூக்ஸ் ‘யங் ஃபிராங்கன்ஸ்டைன்’ என்ற பகடிப் படம் எடுத்தார், கறுப்பு வெள்ளையில். 1931-இல் வந்த அசல் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்துக்கு மின்பொறி பறக்கும் ஆய்வுக்கூடக் கருவிகளைச் செய்தவர் கென்னத் ஸ்ட்ரிக்ஃபேடன். நாற்பது வருஷம் கழித்து அந்தச் சாமான்கள் அவருடைய கார் கொட்டகையில் அப்படியே இருந்தன. புரூக்ஸ் அவற்றையே கொண்டுவந்து படமெடுத்தார். கிண்டல் பண்ணும் படத்தில் ஓடுவது நிஜ இயந்திரம்! ஆஸ்டினுடைய அலமாரியும் இதே சங்கதிதான்.

இப்போது வில்லோவீப்புக்குத் திரும்பலாம். கேரிட்டி இணையத்தில் சித்திரக்கதை எழுதி வளர்ந்தவர். பைத்தியக்கார விஞ்ஞானி ஒருத்தியின் ஆய்வுக்கூடத்தில் நடக்கும் ‘நார்போனிக்’கை 2000 முதல் 2006 வரை விடாமல் நடத்தினார். பால்ட்வினும் இணையத்துக்காரர்தான், விண்வெளி நகைச்சுவைத் தொடர் வரைந்தவர். இரண்டு பேருமே ஃபிராங்கன்ஸ்டைன் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் ஆஸ்டின் வீட்டில் சம்பந்தம் பண்ணிக்கொண்டதன் விளைவுதான் இந்தப் புத்தகம்.

இதன் மையக் கற்பனையை நான் மெச்சுவது எதற்காக என்றால், கோதிக் வீடு எப்போதுமே ஒரு இயந்திரமாகத்தான் இருந்திருக்கிறது. புயல் சரியான நேரத்துக்கு வர வேண்டும். விளக்கு சரியான நேரத்தில் அணைய வேண்டும். வீட்டு நிர்வாகி கதவோரத்தில் சரியான நேரத்தில் முளைக்க வேண்டும். கேரிட்டி அதை எழுத்துக்கு எழுத்து நிஜமாக்கிவிட்டார். மாளிகையின் அழகெல்லாம் மேல்தோல், உள்ளே ஓடுவது உலகைக் காக்கும் பொறி. கதவுக்குப் பின்னால் என்ன என்ற பழைய கேள்விக்கு, பிரபஞ்சம் என்கிறார். பேயைவிடப் பெரிய பதில், சலவைக் கணக்கைவிட அபத்தமான பதில்.

படத்தில் சொல்வதால் இதற்கு ஒரு வசதி உண்டு. நாவலில் “அவள் கதவைத் திறந்தாள்” என்று எழுதி அத்தியாயத்தை முடிக்கலாம், வாசகன் கண்ணை ஓட்டி அடுத்த வரியைத் திருடிவிடுவான். காமிக்ஸில் வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் கதவை வரைந்துவிட்டால், பக்கத்தைத் திருப்பும்வரை தெரியாது. தாளே கதவு. விரல்தான் சாவி. சுவரிலிருந்து பேய் வந்தாலும், அதே சுவரைப் பிளந்துகொண்டு இயந்திரம் தெரிந்தாலும், ஒரே கை ஒரே மையில் வரைகிறது. எழுத்தில் என்றால் கோதிக் நடையிலிருந்து அறிவியல் நடைக்கு மாறும்போது வண்டி குலுங்கும். இங்கே கண் பேசாமல் கடந்துவிடுகிறது. பால்ட்வின் முகங்களைக் கேலிச்சித்திரச் சாயலில் வரைகிறார். முகம் படிக்கும் வேலை என்று ரஸ் சொன்னாரே, அந்த வேலையை நம்மிடமே கொடுத்துவிடுகிறார்.

குறையும் உண்டு. மூன்று அண்ணன் தம்பிகளும் கோதிக் நாயகன் என்ற ஒரே ஆளை மூன்றாக நறுக்கின மாதிரி இருக்கிறார்கள். கேலிக்கு அது போதும். ஆனால் மரபில் அந்த முரட்டு ஆணைப் பார்த்தால் வரும் நிஜமான பயம், ஜெனரல் டில்னியிடம் இருந்த பயம், இங்கே இல்லை. இளைஞர்களுக்கான புத்தகம், நல்லவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும் என்று விட்டிருக்கலாம். எனக்கு ஒரு மாற்று குறைவாகத்தான் பட்டது.

நம்மிடம் இந்தக் கலப்பு இல்லையா என்று சிலர் கேட்கப் போகிறீர்கள். குமுதத்தில் தொடராக வந்த சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ இருக்கிறதே. சொத்துக்கு வாரிசான ஒரு பெண், பெரிய பங்களா, நடமாடும் உருவம், துப்பறிய கணேஷும் வசந்தும். பேயா, ஹோலோகிராமா? கடைசிவரை இழுத்துக்கொண்டு போய், முழுசாகப் பூட்டாமல் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுப் போனார் வாத்தியார். வசந்தின் நக்கலையும் சேர்த்துக்கொண்டால் பேய், அறிவியல், பகடி என்று நான் சொன்ன மூன்று சரக்கும் அதில் உண்டு. படமாகத்தான் யாரும் சரியாக வரையவில்லை.

கதை படித்துக் கெட்ட பெண்ணைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். 1752-இலேயே சார்லட் லெனாக்ஸ் ‘தி ஃபீமேல் குவிக்ஸாட்’ என்று அவளை வைத்து ஒரு நாவல் எழுதிவிட்டார். காதல் காவியங்கள் படித்து உலகமே அப்படித்தான் என்று நம்பும் அரபெல்லா அதன் நாயகி. கடைசியில் அவளைத் தெளிய வைத்துக் கல்யாணம் செய்து கொடுத்துவிடுகிறார்கள். கேதரினுக்குப் பாதி மதிப்பெண் கிடைத்தது. ஹேலி 2021-இல் வருகிறாள். அவள் ஆற்றில் குதிப்பதே படித்ததனால்தான். அந்த வீட்டுக்கு ஒரு நாயகி தேவைப்படுகிறது. நாயகி என்றால் என்ன செய்வாள் என்று தெரிந்தவள் அவள்தான். அவளை யாரும் தெளிய வைக்கவில்லை. முடிவை நான் சொல்லப் போவதில்லை. ஏணியில் விளக்கோடு ஏறியவளைச் சொன்னேன், அது போதும்.

மரநாயைப் பார்த்துவிட்டு அத்தை கீழே இறங்கி என்ன சொன்னாள் தெரியுமா? “ஒண்ணுமில்லை, தூங்குங்க” என்று சொல்லவில்லை. விளக்கை ஊதி அணைத்துவிட்டு, “காலையில சொல்றேன்” என்றாள். விடியும்வரை ஒருத்தரும் கண் மூடவில்லை. தாத்தா உட்பட.

அவளுடைய பைண்டு ஒன்று என்னிடம் இருக்கிறது, இதோ. மாளிகை, மர்மம், மாயமாகிற மருமகள் எல்லாம் உண்டு. கடைசி வார இதழ் எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை போலிருக்கிறது. அதனால் கடைசி ஏழு பக்கம் கோடு போட்ட நோட்டுக் காகிதத்தில், நீல மையில், அத்தையின் கையெழுத்து. அதையும் சேர்த்தே பைண்டு பண்ணச் சொல்லியிருக்கிறாள். அசல் முடிவு எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. தேடவும் இல்லை.

இரண்டு புத்தகத்தையும் இந்த மேஜையிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். வில்லோவீப்பை யார் வேண்டுமானாலும் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். அத்தையுடையதை மட்டும் இங்கேயே உட்கார்ந்து படியுங்கள், தையல் விட்டுப்போயிருக்கிறது.